ஒன்பது பலகைப் பெட்டி

"ஒன்பது பலகையா? நல்லா எண்ணிப் பார்த்தியாக்கா?"

"மரக்கடை வண்டிக்காரன் இறக்கும்போது வாசல்லதான் நின்னேன். ஒன்பதேதான்."

போனின் அந்தப் பக்கம் தங்கை 'உச்' கொட்டினாள். இந்தப் பக்கம் மேஜிக்காரரின் மனைவி விரல்விட்டு மறுபடி எண்ணினாள்.

இருபது வருஷமாக மேடையில் அவருடைய பெட்டிக்குள் மடங்கி உட்காருகிறவள் அவள்தான். அவர் மூடியைச் சாத்தி, நாலு பக்கமும் வாளாகச் சொருகுவார். திறந்தால் ஒரு கீறல்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டே எழுந்து வருவாள். கைதட்டல் அவருக்கு, மூச்சுமுட்டல் இவளுக்கு.

பழைய பெட்டி நாலு பலகையில் செய்தது. புதுப் பெட்டி நீளம், அகலம், உயரம் எல்லாமே ஒன்றரை மடங்கு என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நாலுக்கு ஒன்றரை மடங்கு ஆறு. இதற்குப் பெரிய படிப்பா படிக்க வேண்டும்?

"அப்ப மிச்சம் மூணு பலகை எதுக்குக்கா? மூணு பலகையில சின்னதா இன்னொரு பெட்டி செய்யலாம். சின்னப் பெட்டின்னா உள்ளே மடங்கச் சின்ன வயசுப் பொண்ணு வேணும். எனக்கென்ன வந்தது? மனசுல பட்டதைச் சொல்லிட்டேன்."

மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுப் போனையும் வைத்துவிட்டாள் மகராசி.

அதற்குப் பிறகு அவர் எதைச் செய்தாலும் இவளுக்குத் தப்பாகவே பட்டது. பின்பக்கக் கொட்டகையில் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வேலை செய்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "முடிஞ்சதும் பாரேன்" என்றார். டீ கொண்டுபோனால் கதவைக் கையகலம் திறந்து டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டார். நேற்று சாப்பிடும்போது இவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை வேறு.

குண்டாயிட்டேன்னு பார்க்கிறாரோ?

உடம்பு முன்னைப்போல மடங்குவதில்லை என்பதைப் பற்றி இவள் அவரிடம் மூச்சே விட்டதில்லை. விட்டால் அடுத்த மேடையில் வேறொருத்தி நிற்பாள். அந்தத் தொழில் அப்படித்தான். முன்பு இருந்தவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகுதான் இவளுக்கே அந்த இடம் கிடைத்தது.

அவர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

உள்ளே ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. குனிந்து, நிமிர்ந்து, சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். சின்னப் பெட்டியும் இல்லை, மிச்சப் பலகையும் இல்லை.

அதோடு விடுவாளா? மேஜிக்காரர் பெண்டாட்டிக்குப் பெட்டியைத் தட்டிப் பார்க்கவா தெரியாது? அடிப்பலகையைத் தட்டினாள், பின்பக்கத்தைத் தட்டினாள், மூடியைத் தட்டினாள். எங்கும் கள்ள அறை இல்லை.

"என்ன சொல்லுது பெட்டி?"

பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். மாட்டிக்கொண்டவள் பயப்படவில்லை, பாய்ந்தாள்.

"ஆறு பலகை போதுமே, ஒன்பது எதுக்கு வாங்கினீங்க?"

"ஆறு போதும்னு யாரு சொன்னது?"

"நாலுக்கு ஒண்ணரை மடங்கு ஆறுதானே?"

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். மேஜைமேல் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு சீட்டை ஒட்டி ஒட்டி வைத்தார்.

"இதுதான் பழைய பெட்டியோட ஒரு பக்கம்னு வெச்சுக்க. இப்ப ஒண்ணரை மடங்கு ஆக்கணும். ரெண்டு சீட்டு நீளம் மூணு சீட்டு ஆச்சு. நீளம் மட்டுமா வளருது? உயரமும் வளருதே?"

பக்கவாட்டிலும் மேலேயும் சீட்டுகளைச் சேர்த்தார். வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை.

"எண்ணிக்க."

எண்ணினாள். ஒன்பது.

"ஆறு பக்கத்துக்கும் இதே கணக்குதான். நீ நீளத்தை மட்டும் இழுத்துட்டு உயரத்தை அப்படியே விட்டுட்டே."

கணக்கில் குற்றம் இல்லை. தங்கையின் காதைத்தான் திருக வேண்டும். ஆனால் இவள் மனசு அத்தோடு அடங்கினால் அல்லவா? பெட்டியை இப்போதுதான் பெட்டியாகப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிசா இருக்கே! இத்தனூண்டு பெட்டிக்குள்ள எப்படி மடங்கினாள்னுதானே ஜனம் வாயைப் பிளக்குது? இதைப் பார்த்தா, வாளுக்கு ஒதுங்கி உட்கார இடமிருக்கேன்னு சிரிப்பாங்க."

"சிரிப்பாங்கதான்."

"உங்க பேரு கெட்டுப்போயிடும்."

"போகும்தான்."

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க." அவள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுல ரெண்டு பேர் தாராளமா உட்காரலாம். இன்னொருத்தி யாருங்க? எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க."

மேஜிக்காரர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

"ஜனத்துக்கு என் கையில இருக்கிற வாள் மட்டும்தான் தெரியும். பெட்டிக்குப் பக்கத்துல நிக்கிறவன் நான். நான் மூடியைச் சாத்தினதும் நீ உள்ளே முட்டி வலியில 'அம்மா'ங்கிறே. திறந்ததும் சிரிக்கிறே. ஒரு வருஷமா நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டாள்.

அவர் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஏறி உட்கார்ந்து காலை நீட்டிப் பாரு. இடம் பத்தலைன்னா இன்னும் பலகை வாங்கிக்கலாம்."