ஈரத் துண்டு

ஊர் ஊராக ஓட்டல்களைப் பற்றி எழுதிப் பேர் வாங்கிய எழிலரசு, லாட்ஜ் மேனேஜரின் மகன். லாட்ஜ் அறையிலேயே வளர்ந்தவன். குளித்ததும் துண்டைத் தரையில் போட்டுவிடுவான்; யாராவது அதை எடுத்துக்கொண்டு வேறு துண்டு வைப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த யாராவது, மனைவி மிருணாளினிதான். நேற்று பொறுமை தீர்ந்து, அவனுக்கு மிகவும் பிடித்த கடற்கரை ஓட்டலுக்குத் தனியாக வந்துவிட்டாள்.

காலையில் அவள் குளித்து முடித்த நேரம், அவன் போனில் கூப்பிட்டான். “மிருணா, வீட்ல ஒரு துண்டுகூட இல்லையே?”

“நீங்க போட்ட இடத்துலதான் கிடக்கும். குனிஞ்சு பாருங்க.”

“சரிம்மா. நீ எப்ப வருவே?”

குளியலறைச் சுவரில் ஓர் அட்டை: ‘மறுபடி பயன்படுத்துவதானால் துண்டைக் கொடியில் போடவும். வேண்டாமென்றால் தரையில் போடவும்.’

ஈரத் துண்டோடு கொடிக்குப் போன கையை இழுத்துக்கொண்டு, அவள் அதை இன்னொரு முறை படித்தாள்.