தலைக்கு ஒரு கட்டு வைக்கோல்

கோமாரி நோயில் பாதி மாடுகள் செத்துப்போயின. ராஜாவின் வயலில் உழவு மட்டும் குறையவில்லை. அது போதாதென்று, தலைக்கு ஒரு கட்டு வைக்கோல் வரி கேட்டது சிங்கக்குட்டி ராஜா.

மயிலைக் காளைக்குக் கொம்பு வரை சூடேறியது. "வாங்கடா, ஒரு கை பார்த்துடலாம்!" என்று அது பாய, மொத்த மந்தையும் அரண்மனைக் கதவை முட்டிப் பெயர்த்துவிட்டது!

குட்டி ராஜா நடுங்கிக்கொண்டே வந்து, "இனி வரியும் இல்லை, நுகத்தடியும் இல்லை. வீட்டுக்குப் போங்கப்பா," என்றது.

"ஜெயிச்சுட்டோம்டா!" என்று மயிலை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தொழுவத்துக்கு வந்ததும் எல்லா மாடுகளும் பழக்கதோஷத்தில் தத்தம் முளைக்குச்சியருகே போய் நின்றன. ராஜாவின் நரிகள் கயிற்றோடு காத்திருந்தன.

மறுநாள் ராஜா வரி கேட்க வயலுக்கு வந்தது. நுகத்தடியில் நின்ற மயிலை, ஈ விரட்டத்தான் கொம்பை ஒரு ஆட்டு ஆட்டியது. ராஜா கேட்காமலே ஓடிவிட்டது.