மூன்றே நொடி

“ஒன்பதாம் நம்பர்!” என்று தேர்வாளர் கூப்பிட்டார்.

நீச்சல்குளத்தின் விளிம்பில் வந்து நின்றாள் துண்டு அக்கா.

பதினோரு வருடமாக இதே குளத்தின் வாசலில் உட்கார்ந்து, நீந்த வருகிறவர்களுக்குத் துண்டும் லாக்கர் சாவியும் எடுத்துக் கொடுப்பவள். அதனால்தான் அந்தப் பெயர். இன்று உயிர்காப்பாளர் வேலைக்கான தேர்வு. அவளுக்கு இது ஐந்தாவது தடவை.

கடைசித் தடவையும்கூட. நாற்பத்தெட்டு வயது முடிந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அவளுக்கு அடுத்த மாதம் முடிகிறது.

தேர்வு சொல்வதற்குச் சின்னதுதான். இருபத்தைந்து மீட்டர் நீந்தி ஆழமான பக்கம் போக வேண்டும். முங்கி, அடியில் கிடக்கும் ரப்பர் பொம்மையை எடுக்க வேண்டும். அதன் முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி இழுத்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். எல்லாம் மூன்று நிமிடத்துக்குள்.

விசில் ஒலித்தது. குதித்தாள்.

குதித்தாள் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. விழுந்தாள்.

அவள் நீந்துவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கை ஒரு பக்கம் போகும், கால் தனிக்கட்சி. நாற்பத்து மூன்று வயதில்தான் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கினாள். மிதப்பதற்கே எட்டு மாதம் பிடித்தது. பயிற்சி கொடுத்தவர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“உங்களுக்கும் தண்ணிக்கும் ஏழாம் பொருத்தம்க்கா. விட்டுடுங்க.”

கூடச் சேர்ந்தவர்கள் பதினைந்தே நாளில் நீந்தினார்கள். இரண்டாம் மாதம் ஒருவரையும் காணோம். இவள் மட்டும் குளம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தினமும் வந்தாள். காதுவலி வந்த வாரம்கூடக் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் உதைத்துக்கொண்டிருந்தாள்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், பிடித்திருக்கிறது என்பாள்.

தேர்வாளர் வேறு ரகம். இறக்கிவிட்ட மூன்றாம் நாளே நீந்தியவர். அலமாரி நிறையப் பதக்கம் வைத்திருப்பவர். அவருக்குத் தண்ணீரும் தரையும் ஒன்றுதான்.

முதல் தடவை துண்டு அக்காவின் கையில் பொம்மையே சிக்கவில்லை. இரண்டாம் தடவை நாற்பது நொடி தாமதம். மூன்றாம் தடவை பதினொன்று. மூன்று மாதத்துக்கு முன், போன தடவை, மூன்றே நொடி.

அன்று குளத்தின் மேலாளருக்கே மனசு கேட்கவில்லை. “மூணு செகண்ட்தானே மேடம், பாஸ் போட்டுவிடுங்க” என்றார்.

“மூழ்கிட்டு இருக்கிறவங்ககிட்ட போய் மூணு செகண்ட்தானேன்னு சொல்லுங்க சார்” என்று சொல்லிவிட்டு, தேர்வாளர் ஃபெயில் என்று எழுதினார்.

மறுநாள் காலை துண்டு அக்கா வழக்கம்போல வந்து தண்ணீரில் இறங்கினாள்.

இப்போது, ஆழமான பக்கத்தில் அவள் தலை மறைந்தது.

சற்று முன் இரண்டாம் நம்பர் அங்கேதான் தோற்றிருந்தான். அகன்ற தோள், படகு மாதிரி வேகம். பொம்மை ஒரு தடவை கைநழுவியதும் மேலே வந்து, தலையை ஆட்டிவிட்டு, கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

துண்டு அக்காவுக்கும் நழுவியது.

மேலே வந்தாள். ஒரு வாய் காற்று. மறுபடி முங்கினாள். மறுபடியும் நழுவியது. மறுபடி காற்று, மறுபடி உள்ளே.

மூன்றாவது முறை அவள் மேலே வந்தபோது, அவள் முகத்தோடு ஒட்டி இன்னொரு முகம் இருந்தது. ரப்பர் முகம்.

“விடாதீங்கக்கா!” என்று கத்தியது இரண்டாம் நம்பர்தான்.

அவள் காதில் விழுந்திருக்காது. மல்லாந்து படுத்து, பொம்மையின் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து உதைத்து வந்தாள். பார்க்க அழகாக இல்லை. ஆனால் ஓரிடத்திலும் நிற்கவில்லை. தெறித்த தண்ணீரில் மேலாளரின் பேண்ட் முழங்கால்வரை நனைந்தது. அவர் நகரவே இல்லை.

தேர்வாளர் மட்டும் ஸ்டாப்வாட்ச்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கை கரையைத் தொட்டது.

தேர்வாளர் ஸ்டாப்வாட்ச்சை மேலாளரிடம் நீட்டினார். அவர் ஊருக்கே கேட்கும்படி படித்தார். “ரெண்டு நிமிஷம் ஐம்பத்தாறு!”

குளமே கைதட்டியது.

தேர்வாளர் தாளில் எழுதினார். கையெழுத்துப் போட்டார். மேலாளரிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் வைத்தார். பிறகு துண்டு அக்காவின் அருகில் வந்து ஈரத்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“பாஸ்” என்றாள். “இனிமேலாவது வீட்ல என்கூடப் பேசுவியாம்மா? மூணு மாசம் ஆச்சு.”

துண்டு அக்கா கரையைப் பிடித்தபடி மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“இருடி, முதல்ல மூச்சு வரட்டும்” என்றாள்.