மாடி விளக்கு எரிகிறது

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு தடவைகூட எதையும் மறந்தவன் கிடையாது நான். என் வீட்டு விளக்கை என்னைக் கேட்காம அணைக்க இதுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் சுவரிலிருந்த தொடுதிரையைச் சுட்டிக்காட்டிய தோரணையைப் பார்த்தால், அது இன்றைக்கே எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டியிருக்கும் போலிருந்தது.

அதைப் பொருத்திய டெக்னீஷியன் திரையைத் தட்டிப் பார்த்தான்.

"மாடி ரூம் விளக்கா சார்? பத்து நிமிஷத்துல தானா அணையுற மாதிரி வெச்சிருக்கோம். உங்க பொண்ணுதான் போன வாரம் வெளியூர்லேர்ந்து சொன்னாங்க."

"அவளா?"

"ஆமா சார். இது வெறுமனே பட்டனை அழுத்துனதைக் காட்டுற திரை இல்ல. விளக்கு நிஜமா எரியுதா, அணைஞ்சுடுச்சான்னு அவங்க போனுக்கே சொல்லிடும். ஆளில்லாத மாடியில தினமும் விளக்கு எரியுதாம். அணைக்கச் சொல்லி அடிக்கடி போன் பண்ணி உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு..."

"அந்தத் தானா அணையுறதை எடுத்துடுப்பா."

"கரண்ட் வீணாகுமே சார்."

"எடுன்னா எடு."

எடுத்துவிட்டான். பெரியவர் திரையைத் தொட்டு மாடி விளக்கைப் போட்டார். நாற்காலியை டெலிபோனுக்குப் பக்கத்தில் இழுத்து, கோப்பு வரக் காத்திருக்கும் அதிகாரியைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டெக்னீஷியன் சாமான்களைப் பைக்குள் அடுக்கி முடிப்பதற்குள், அந்த வாரத்தில் முதல் முறையாக டெலிபோன் அடித்தது.

"மாடி விளக்கா? அடடா, ஆமாம்மா," என்றார் எதையும் மறக்காதவர். "மறந்தே போயிட்டேன். வயசாகுதில்ல. சரி, நீ சாப்பிட்டியா?"