டார்ச்சும் பாலிசியும்

தொண்டாமுத்தூர்த் தோட்டத்து வீட்டில், தன் கடைசிக் காரியச் செலவு பிள்ளைகள் தலையில் விழக்கூடாதென்று, எழுபது வயதில் சின்னதாக ஒரு பாலிசி போட உட்கார்ந்திருக்கிறார் சீனிவாசலு. ஜன்னல் வழி வரும் காலை வெயிலில் தென்னோலையின் நிழல் ஏஜென்ட் லின்சியின் படிவத்தின் மேல் அசைகிறது. சர்க்கரையா, பிரஷரா, ஆபரேஷனா என்று அவள் கேட்கக் கேட்க, அவரை முந்திக்கொண்டு மனைவி ரங்கம்மாள், "இல்லீங்க" என்கிறாள். ஒவ்வொரு தடவையும் முகத்தில் பெருமை கூடுகிறது. "அப்ப பிரீமியம் கம்மியாத்தான் வருமுங்க. ஆபத்தான வேலை ஏதாச்சும் செய்யறீங்களாங்கய்யா?" "அதெல்லாம் இல்லீங்க அம்மணி. வாழைக்காட்டுக்குள்ள ஆனை வந்தா மட்டும் டார்ச்ச எடுத்துட்டு முடுக்கி உடப் போவனுங்க." பேனா நிற்கிறது. ரங்கம்மாள் கணவரைப் பார்க்காமலே, "அதை எழுதிப்போடாதீங்க கண்ணு, இனிமேல் போகமாட்டாருங்க" என்கிறாள். சீனிவாசலு வெளியே தன் வாழைகளைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு ஆணியில் தொங்கும் டார்ச்சை எடுக்கிறார். அதன் பிடியில் முந்தாநாள் சேறு காய்ந்திருக்கிறது. மூடியைத் திருகி, மூன்று பேட்டரிக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக மனைவியின் உள்ளங்கையில் வைக்கிறார். அவள் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் லின்சியின் பேனா நகர்கிறது.