பதினாறாவது ஆள்

பயிற்சியாளர் டோரு பேருந்துக்குள் ஏறி, வழக்கம்போல ஆட்களை எண்ணத் தொடங்கினார்.

உனு, தோய், த்ரெய். ருமேனிய மொழியில்தான் எண்ணுவார். ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து எண்ணுவார். சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து பதினாறு பேர் கால்பந்து விளையாடப் போனால், பதினாறு தோளையும் தொட்டுப் பார்க்காமல் திரும்புகிற பேருந்து நகராது.

எண்ணட்டும், மற்ற நாளில் எண்ணட்டும். இன்றைக்குத்தானா எண்ண வேண்டும்?

கடைசி வரிசையில் இருந்த சிவசோதி அந்தக் கை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணியின் உடுப்புகளுக்கும் பந்துகளுக்கும் அவர்தான் பொறுப்பு.

பக்கத்து இருக்கையில் பந்துப் பை. அதற்குப் பிரசாந்தனின் ஜாக்கெட்டை மாட்டி, மேலே தொப்பியைக் கவிழ்த்து, ஜன்னலோடு சாய்த்து வைத்திருந்தார்.

பிரசாந்தன் அவருடைய அக்கா மகன். அணிக்குக் கோல் போடுகிற ஒரே ஆள். இன்று அணி ஆட வந்த இதே நியூகாசிலில் ஒரு பெரிய கிளப், மாலை ஆறு மணிக்கு அவனை ஆட வைத்துப் பார்க்கக் கூப்பிட்டிருந்தது. வயது இருபத்து மூன்று. இதை விட்டால் இனி ஒருவரும் கூப்பிடப் போவதில்லை.

கிளப் தலைவர் நாகராஜன் மறுத்துவிட்டார். சீசன் முடியுமுன் வேறு கிளப் வாசலை மிதிக்கிறவன், பிளாக்டவுனில் இருக்கும் தன் டைல்ஸ் கடை வாசலையும் மிதிக்க வேண்டாம் என்றார். பிரசாந்தனுக்கு வேலை அந்தக் கடையில்தான்.

ஆகவே பிரசாந்தன் அங்கே போய்விட்டது நாகராஜனுக்குத் தெரியக்கூடாது. அவன் தேறிவிட்டால் அவரே வந்து கை கொடுப்பார். தேறாவிட்டால் யாருக்கும் தெரியவே தேவையில்லை.

அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் முகாமில் இரண்டு வருடம் காலையும் மாலையும் எண்ணப்பட்டவர் சிவசோதி. தலையை எண்ணுகிறவன் முகத்தைப் பார்க்கமாட்டான் என்று அங்கேதான் படித்தார். தோளைத் தொட்டு எண்ணுகிற மனுஷனுக்கு என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

அதுவும் டோரு இருக்கிற இன்றைய நிலைமையில்.

முப்பது வருடத்தில் பதினொரு கிளப். மூழ்கப் போகிற கிளப் எதுவோ அதுதான் டோருவைத் தேடி வரும். கரை சேர்ந்ததும் கழற்றி விட்டுவிடும். இன்னொரு தோல்வி என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று நாகராஜன் வியாழக்கிழமை எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்.

இன்று இடைவேளையில் ஒரு கோல் முன்னிலை. அந்த நேரம் பார்த்து டோரு பிரசாந்தனை வெளியே எடுத்து உட்கார வைத்தார். காரணம் சொல்லவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு வேறு ஆள் வருவார் என்று நாகராஜன் மைதானத்திலேயே சொல்லிவிட்டார்.

கிழவனுக்கு மூளை கழன்றுவிட்டது என்று சிவசோதியும் மனதுக்குள் நன்றாகத் திட்டினார்.

டோருவும் ஒரு காலத்தில் ஓடி வந்தவர்தான். ருமேனியாவில் அந்தப் பழைய கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்தபோது, ஆஸ்திரியாவுக்கு ஆடப் போன இடத்தில் அணியை விட்டுத் தப்பியவர். எப்படி என்று கேட்டால், “பேருந்தில் என்னையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள்” என்று சொல்லிச் சிரிப்பார். ஒருவருக்கும் விளங்காது.

எண்ணிக்கை பதின்மூன்றைத் தாண்டியது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்தில் காட்டாத ஒற்றுமை.

முன் இருக்கையிலிருந்து நாகராஜன் திரும்பினார். “அங்க யாரு, பிரசாந்தனா? என்னாச்சு அவனுக்கு?”

“தலையிடி அண்ணை. நித்திரை கொள்ளுறான்.”

டோருவின் கை ஜாக்கெட்டின் மேல் இறங்கியது. உள்ளே பந்து ஒன்று வழுக்கியது. கை அப்படியே நின்றது.

சிவசோதி கண்ணாலேயே கெஞ்சினார்.

“பதினாறு,” என்றார் டோரு, இந்த முறை ஆங்கிலத்தில், பேருந்து முழுக்கக் கேட்கும்படி. “எல்லாரும் இருக்கிறார்கள். போகலாம்.”

தன் வழக்கமான முன் இருக்கைக்கு அவர் போகவில்லை. பைக்கு முன்னால், நாகராஜன் திரும்பினாலும் அது தெரியாதபடி, தன் பெரிய உடம்பை இறக்கி உட்கார்ந்தார்.

பேருந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் மெல்லப் பின்னால் சாய்ந்தார்.

“தலை சரியில்லை,” என்றார். “அன்று ஆஸ்திரியாவில் எங்கள் பந்துக்காரர் எனக்குப் பதிலாக வைத்த பையில், தலைக்கும் ஒரு பந்து வைத்திருந்தார்.”

சிவசோதிக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது.

டோரு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாக இன்னும் பத்து நிமிடம்.

“காலையில் அவன் பையில் இரண்டு சோடி பூட்ஸ் கண்டேன். அதனால் நாற்பத்தைந்து நிமிடம்தான் ஆட விட்டேன். கால் களைத்திருக்காதே?”

சிவசோதி பையைத் திறந்து ஒரு பந்தை எடுத்து, தொப்பிக்குள் வைத்து, நேராக்கினார்.