வடிகட்டிக் காகிதம்

கொட்டகைக்குள் சாயங்கால வெயில் சாய்வாக இறங்கி, கணவனும் மனைவியுமாக வீட்டிலேயே கட்டிய சின்ன விமானத்தின் மூக்கில் படுகிறது. சற்று முன் ஓடி நின்ற எஞ்சின் சூடு தணியத் தணிய டிக் டிக்கென்று முனகுகிறது. "நாளைக்கு நான் மட்டும் பறக்கறேன். காத்து சரியில்ல, நீ வேண்டாம்," என்கிறான் கணவன், கையைத் துடைத்தபடி. பக்கத்து இருக்கைக்கு வா வா என்று இத்தனை வருஷமாக அவளை நச்சரித்தவன். அவள் மேஜையைப் பார்க்கிறாள். ஒவ்வொரு முறை எஞ்சினை ஓட்டிய பிறகும் ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்து, எஞ்சின் உள்ளே தேய்ந்தால் உதிரும் இரும்புத்தூள் மினுங்குகிறதா என்று அவளையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வான். இன்று அறுத்த டப்பா மேஜைமேல் கிடக்கிறது, காகிதத்தைக் காணோம். அவன் சட்டைப்பை மட்டும் எண்ணெய் ஊறிப் புடைத்திருக்கிறது. "பையில என்னங்க?" "பழைய துணி." அவள் கையை நீட்டியபடியே நிற்கிறாள். அவன் பார்வை தரைக்குப் போகிறது, கை பைக்குப் போகிறது. வாங்கிய காகிதத்தை விரித்து, சிதறிய ஸ்குரூ பொறுக்கும் காந்தத்தை அதன்மேல் மெல்ல ஓட்டி எடுக்கிறாள். காந்தத்துக்கு இரும்புத்தூள் மீசை முளைத்திருக்கிறது. அதை அப்படியே அவன் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "இது காத்துலயா வந்துச்சு?"